மலை ஏரிப் படகுக்கு அவுட்போர்டு மோட்டாரை அமைப்பது எப்படி: ப்ரொப்பல்லர், ட்ரிம் டேப், ஜெட், தெர்மோஸ்டாட்

சமவெளியில் குறையில்லாமல் ஓடிய படகை, அதன் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரோடு ஊட்டி ஏரிக்கோ பைக்காராவுக்கோ கொண்டுவந்து இறக்கினால் முதல் சவாரியிலேயே வித்தியாசம் தெரியும். ஆட்கள் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறும். ப்ளேனுக்கு வர, அதாவது எழும்பி நீரின் மேல் வழுக்கி ஓட, நேரமாகும், சில நேரம் வரவே வராது. பின்னால் புகை தங்கும். ஜெட்டிக்குத் திரும்பும்போது வேகம் குறைத்தால் அணைந்துபோகும். "மலைத் தண்ணி ஐஸ் மாதிரி, கனம் ஜாஸ்தி, அதான் இழுக்கல" என்று காரணம் சொல்வார்கள். இந்தக் காரணத்தை நம்பினால் ஸ்பேனர் தவறான இடத்துக்குத்தான் போகும்.

தண்ணீரா, காற்றா?

10 டிகிரியில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 999.7 கிலோ. 30 டிகிரியில் 995.7 கிலோ. நூற்றுக்கு அரை கூட இல்லாத இந்த வித்தியாசத்தை எந்த ப்ரொப்பல்லரும் உணராது. பாகுத்தன்மை மாறுவது உண்மை: 30 டிகிரியில் 0.80 மில்லிபாஸ்கல்-நொடி, 10 டிகிரியில் 1.31. ஆனால் படகின் அடிப்பாக உராய்வு அதே விகிதத்தில் ஏறாது, சில சதவீதம்தான் கூடும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் தண்ணீரைச் சொல்லலாம். படகு எழவே இல்லை என்றால் அது தண்ணீரின் வேலை அல்ல.

காற்றின் கணக்கு வேறு. ஊட்டி ஏரி சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே 78 பக்கம். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. 30 டிகிரி வெயிலடிக்கும் கடற்கரையோடு 15 டிகிரி ஊட்டியை ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. என்ஜின் உறிஞ்சும் காற்று குறைந்தால் திறனும் அதே அளவுக்குக் குறையும். 40 குதிரைத்திறன் மோட்டார் இங்கே 32 தான் தரும். ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் என்று மெக்கானிக்குகள் போடும் கணக்கும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

ஆகவே வேலை வரிசை இப்படி: முதலில் ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது) அளப்பது, பிறகு ப்ரொப்பல்லர், அதன்பின் மோட்டாரின் உயரமும் சாய்வும், கடைசியில்தான் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர். பலர் நேராகக் கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள். பெரிய ப்ரொப்பல்லரைச் சுமந்து முக்கும் என்ஜினிலும் பிளக் கறுத்துத்தான் வரும். அதைப் பார்த்து ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளைத்திருகு) சிறிதாக்கினால் ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையைச் செய்தது போலாகும்.

அளக்காமல் கை வைக்காதீர்கள்

தேவையானவை: ஆர்பிஎம் மீட்டர், செல்போனில் ஜிபிஎஸ் வேகமானி, ஒரு நோட்டு. மோட்டாரில் மீட்டர் இல்லையென்றால் பிளக் வயரில் சுற்றிக்கட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் போதும். அதில் ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்று தேர்வு இருக்கும், அதைச் சரியாக வையுங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நான்கு ஸ்ட்ரோக்கில் சில மோட்டார்கள் சுற்றுக்கு ஒன்றும், சில இரண்டு சுற்றுக்கு ஒன்றும் தரும். ஐட்லிங்கில் 900 காட்ட வேண்டியது 450 அல்லது 1,800 காட்டினால் தேர்வு தவறு.

சோதனையை அன்றாடம் ஏற்றும் முழுச் சுமையோடு செய்ய வேண்டும். ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து எடுத்த அளவு பயன்படாது. பயணிகள் எடைக்கு மணல் மூட்டை வைக்கலாம், நகராமல் கட்டி வையுங்கள். டேங்க் நிறைந்திருக்கட்டும். படகு இல்லத்து ஏரிகளில் சவாரி தொடங்குவதற்கு முன், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, காலையில் காற்று எழும் முன்பே முடித்துவிடுவது நல்லது. இழுத்தால் என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறு கையிலும் லைஃப் ஜாக்கெட் உடம்பிலும் இருக்க வேண்டும். இந்தக் குளிர்நீரில் விழுந்தவரின் கைகால் சீக்கிரம் மரத்துப்போகும், நீச்சல் தெரிந்திருந்தாலும் அப்படித்தான்.

என்ஜினைச் சூடேற்றி, நேர்கோட்டில் ஃபுல் த்ராட்டில் கொடுத்து, ஆர்பிஎம் நிலைத்து நின்றதும் குறியுங்கள். எதிர்த் திசையில் இன்னொரு முறை ஓட்டி, இரண்டின் சராசரியை எடுங்கள். மோட்டாரின் கையேட்டில் ஃபுல் த்ராட்டில் வரம்பு இருக்கும். 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றுக்கு அது 4,500 முதல் 5,500 வரை. நான்கு ஸ்ட்ரோக்குகள் பலவற்றுக்கு 5,000 முதல் 6,000 வரை. முழுச் சுமையில் இந்த வரம்பின் மேல் பாதியில் நிற்க வேண்டும்.

ப்ரொப்பல்லர்

ப்ரொப்பல்லர் விழுங்கும் திறன் ஆர்பிஎம்மின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். திறன் 20 சதவீதம் குறைந்தால் ஆர்பிஎம் சுமார் 7 சதவீதம் இறங்கும். கீழே 5,400 ஓடிய மோட்டார் இங்கே 5,000 பக்கம் நிற்பது அதனால்தான். இது ப்ளேனில் ஓடும்போது உள்ள கணக்கு. நின்ற இடத்திலிருந்து எழும்போது பாதிப்பு இன்னும் கடுமை, ஏனென்றால் படகு தன் மூக்கலையை ஏறிக் கடக்கத் தேவையான தள்ளுவிசையில் மிச்சம் எதுவும் இருக்காது.

ப்ரொப்பல்லரின் மீது 11¼ × 13 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச் (வழுக்காவிட்டால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்), இரண்டும் அங்குலத்தில். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஆர்பிஎம் 150 முதல் 200 வரை ஏறும். இழந்த 400 ஆர்பிஎம்மை மீட்க 2 அங்குலம் குறைக்க வேண்டும்: 13 இருந்த இடத்தில் 11. ஊட்டி, பைக்காரா உயரத்துக்கு இதுதான் தொடக்கப்புள்ளி. சுமை எப்போதும் அதிகம் என்றால் 3 அங்குலம் வரை போக நேரும். விட்டத்தைக் குறைக்காதீர்கள். பிட்ச் குறைந்த ப்ரொப்பல்லர் கொஞ்சம் பெரிய விட்டத்தில் கிடைத்தால் அதுவே நல்லது, கனமான பயணிகள் படகுக்குப் பிடிமானம் கூடும்.

மாற்றிய பிறகு ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் நடுவில் உள்ள பிட்ச்சுக்கு வாருங்கள், அல்லது காலிப் படகில் முழு த்ராட்டில் கொடுக்கக் கூடாது என்பதை ஓட்டுநர்கள் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டாவதை நம்பாமல் முதலாவதைச் செய்யுங்கள்.

வழுக்கலையும், அதாவது சுழற்சிக்கு வரவேண்டிய வேகத்தில் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதையும், கணக்கிட்டுவிடுங்கள். ஆர்பிஎம்மை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 0.0254 ஆலும் 0.06 ஆலும் பெருக்கினால் வழுக்கலே இல்லாதபோது வரவேண்டிய வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 5,000 ஆர்பிஎம், விகிதம் 2, பிட்ச் 13 என்றால் 49.5. ஜிபிஎஸ் 41 காட்டினால் வழுக்கல் 17 சதவீதம். இலேசான படகுக்கு 10 முதல் 20 வரை இயல்பு. சுமைப் படகுக்குக் கூடுதலாகவே வரும். ப்ரொப்பல்லரையோ மோட்டார் உயரத்தையோ மாற்றிய பிறகு வழுக்கல் திடீரென எகிறினால் ப்ரொப்பல்லர் காற்றை விழுங்குகிறது, அல்லது ப்ரொப்பல்லரை நடுக்குழலான ஹப்போடு பிணைக்கும் ரப்பர் நழுவிச் சுழல்கிறது. ஹப்பையும் ப்ரொப்பல்லரையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

மாட்டும்போது பிளக் வயர்களைக் கழற்றிவிட்டுத்தான் ப்ரொப்பல்லரைத் தொட வேண்டும். தண்டில் நீர் புகாத கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் கழற்ற முடியாது. த்ரஸ்ட் வாஷரின் உட்புறச் சாய்வு தண்டின் சாய்வோடு பொருந்தி உட்கார வேண்டும். ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது.

உயரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. ப்ரொப்பல்லர் இதழின் முதுகில் நீர் கொதித்துக் குமிழியாகும் கேவிட்டேஷன் இங்கே சற்று முன்னதாகவே தொடங்கும். நீரின் மேல் அழுத்தும் காற்று 23 கிலோபாஸ்கல் குறைந்திருக்கிறது. குளிர்நீரின் ஆவியழுத்தம் குறைவு என்பது உதவிதான், ஆனால் அந்த உதவி 3 கிலோபாஸ்கலைத் தாண்டாது. அதனால் விளிம்பு நசுங்கிய, இதழ் வளைந்த ப்ரொப்பல்லரைச் சமவெளியில் சமாளித்தது போல இங்கே சமாளிக்க முடியாது. பைக்காரா மின்உற்பத்திக்கான நீர்த்தேக்கம், மட்டம் ஏறி இறங்கும். கோடையில் கரையோரப் பாறையும் மரக்கட்டையும் மேலே வரும். வாரம் ஒருமுறை விரலால் இதழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சின்ன நெளிவை அரத்தால் சீராக்கலாம். இதழ் வளைந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள்.

உயரமும் சாய்வும்

ப்ரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ அதற்கு 25 மில்லிமீட்டர் கீழே வரையிலோ இருக்க வேண்டும். மோட்டார் மாட்டும் பின்பலகையான ட்ரான்சமில் நீண்ட மரச்சட்டம் ஒன்றை அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்தால் கண்ணால் அளக்கலாம். மேலே போனால் திருப்பத்தில் ப்ரொப்பல்லர் காற்றைப் பிடித்து என்ஜின் அலறும். மிகவும் கீழே போனால் கியர் பெட்டி இழுவை கூடி, இருக்கிற கொஞ்சத் திறனும் அதில் வீணாகும். திறன் குறைந்த இந்த உயரத்தில் 10 மில்லிமீட்டர் கூடக் கணிசமானது.

சாய்வுக்கு ட்ரிம் பின் துளைகள் நான்கைந்து இருக்கும். மூக்கு மேலும் கீழும் துள்ளினால் மோட்டார் வெளிப்பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறது, ஒரு துளை உள்ளே வையுங்கள். மூக்கு நீரை உழுது, ஸ்டியரிங் கனமானால் ஒரு துளை வெளியே. ப்ளேனுக்கு வராத படகில் பலர் வெளிப்பக்கம் வைக்கிறார்கள், இது தலைகீழ். எழுவதற்கு உள்பக்கச் சாய்வுதான் உதவும். பின்பெஞ்சில் நால்வர், முன்னால் யாருமில்லை என்று உட்காரவிட்டால் எந்தத் துளையும் உதவாது, எடையை முன்னே நகர்த்துங்கள்.

ட்ரிம் டேப்

தட்டின் அடியில், ப்ரொப்பல்லருக்கு நேர் மேலே தொங்கும் சின்னத் துடுப்பு வடிவ உலோகத் துண்டு இது. ஒரு போல்ட்டில் நிற்கும். ப்ரொப்பல்லர் சுழற்சியால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதை இது ஈடுசெய்கிறது. ப்ரொப்பல்லரையோ மோட்டார் உயரத்தையோ மாற்றினால் இதை மறுபடி அமைத்தே ஆக வேண்டும், பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான்.

விதி எளிது: படகு இடது பக்கம் போகப் பார்த்தால் டேப்பின் பின்முனையை இடப்பக்கம் திருப்புங்கள். வலது பக்கம் போனால் வலப்பக்கம். தளர்த்துவதற்கு முன் பழைய நிலையில் மார்க்கர் கோடு போடுங்கள். பின்முனையில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் நகர்த்தாதீர்கள். இறுக்கி, வழக்கமாக ஓடும் வேகத்தில், வழக்கமான சாய்வில் ஓட்டிப் பார்த்து அடுத்த அடி. எவ்வளவு திருப்பினாலும் மாற்றமே தெரியவில்லையென்றால் மோட்டார் மிக உயரத்தில் மாட்டப்பட்டு டேப் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது என்று பொருள்.

பல மோட்டார்களில் இதுவே துருத்தடுப்பு ஆனோடும்கூட, மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு. கடலோர மோட்டாரில் அது துத்தநாகம். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் படலம் மூடி வேலை செய்யாமல் போகும், கியர் பெட்டியின் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ஏரிக்கு மக்னீசியம் அல்லது அலுமினியக் கலவை ஆனோடு போடுங்கள். ஆனோடுக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது.

ஜெட், பிளக், பெட்ரோல்

காற்று 20 சதவீதம் குறைந்தாலும் கார்புரேட்டர் வழியே வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை ஏறக்குறைய 12 சதவீதம் செறிவாகிறது. ஐட்லிங்கில் என்ஜின் நனைந்து அணைவதும், கறுத்த ஈரப் பிளக்கும், புகையும் இதன் அடையாளம். ஃபியூயல் இன்ஜெக்ஷன் மோட்டாருக்கு இந்தத் தலைவலி இல்லை, அழுத்த சென்சார் பார்த்துக்கொள்ளும். ஆனால் இழந்த திறனை அது திருப்பித் தராது, அதற்கும் ப்ரொப்பல்லர் மாற்ற வேண்டும்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் இன்னொன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலவையை மெலிவாக்கும். சுத்தப் பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டரில் இந்த மெலிவு 8 சதவீதம் பக்கம். உயரம் ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் மறுபக்கம் இழுக்கிறது. பழைய உயர-ஜெட் அட்டவணையை அப்படியே பின்பற்றினால் தேவைக்கு மேல் மெலிந்துபோகலாம். அதனால் பிளக்கைப் பார்த்துத்தான் முடிவு.

சரியான ப்ரொப்பல்லர் மாட்டிய பின், புதுப் பிளக் போட்டு, முழுச் சுமையில் ஒரு நிமிடம் ஃபுல் த்ராட்டில் ஓட்டி, த்ராட்டிலைக் குறைக்காமல் கில் சுவிட்சை இழுத்து நிறுத்துங்கள். மெதுவாக ஜெட்டிக்கு ஓட்டிவந்து கழற்றினால் ஐட்லிங்கின் கரிதான் தெரியும். பீங்கான் பகுதி காபிப் பழுப்பாக இருந்தால் மெயின் ஜெட்டைத் தொடவே வேண்டாம். கறுத்து ஈரமாக இருந்தால் கையேட்டின் அட்டவணைப்படி ஒரு படி மட்டும் சிறியது போட்டு மறுபடி பாருங்கள். சாம்பல் வெள்ளையாகவோ, சின்ன உலோகத் துளிகளோ தெரிந்தால் கலவை மெலிவு, உடனே பழைய ஜெட்டுக்குத் திரும்புங்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே ஜெட். கறுப்பை மறைக்கச் சூடான ரகப் பிளக் போடும் வழக்கத்தை விடுங்கள்.

ஐட்லிங்குக்கு, சூடான என்ஜினில், ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பி, ஆர்பிஎம் ஏறி நிற்கும் இடத்தில் விடுங்கள். அது காற்று ஸ்க்ரூவா, பெட்ரோல் ஸ்க்ரூவா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் திசை எதிரெதிர். ஆயிலைக் குறைத்துப் புகையைக் குறைக்கப் பார்க்கக் கூடாது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மலையிலும் அதே அளவு. அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ3 ரகம்தான், பைக் 2டி ஆயில் அல்ல.

எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மஞ்சும் சாரலும் நிறைந்த ஆடி மாதத்தில் பாதி டேங்க் நெடுநாள் கிடந்தால் அடியில் தண்ணீர் பிரியலாம். டேங்கை நிறைத்து வையுங்கள், நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைக் குழாயில் சேருங்கள்.

குளிர்நீரும் தெர்மோஸ்டாட்டும்

தண்ணீரின் குளிர் உண்மையில் எங்கே விளையாடுகிறது என்றால் இங்கேதான். கடற்கரையில் ஓடிய மோட்டார்களில் என்ஜின் சூடாகிவிடும் என்று பயந்து, என்ஜின் சூட்டுக்கு ஏற்பக் குளிர்நீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசியிருப்பார்கள். அங்கே அது எப்படியோ ஓடும். இங்கே 15 டிகிரித் தண்ணீர் தடையில்லாமல் சிலிண்டரைச் சுற்றினால் என்ஜின் ஓடும் சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் கரி கட்டும், சிலிண்டர் சுவர் தேயும். நான்கு ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடை வந்தால் இதுதான் காரணம், ஆயிலை மாற்றிவிட்டு தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

சோதிக்க, அதை நூலில் கட்டி ஒரு பாத்திர நீரில் பக்கங்களைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். பல அவுட்போர்டுகளில் 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கும், எண் அதன் மீதோ கையேட்டிலோ இருக்கும். குளிர்ந்ததும் முழுதாக மூட வேண்டும். இடையில் மண் துகள் சிக்கித் திறந்தே நிற்பதுதான் வழக்கமான கோளாறு.

மறுபக்க ஆபத்தும் உண்டு. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டி ஏரியில் பாசியும் பிளாஸ்டிக்கும் உறிஞ்சு சல்லடையை அடைத்தால், ஏரி குளிர்ந்திருந்தாலும் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். பின்னால் பீய்ச்சும் சோதனைத் தாரையை ஓட்டுநர் ஒவ்வொரு சவாரியிலும் பார்க்க வேண்டும். தாரை மெலிந்தால் உடனே நிறுத்திச் சல்லடையைத் துடையுங்கள். சேற்று நீரில் ஓடும் பம்ப் இம்பெல்லரை வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் உறைபனி விழும். இரவு மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து விட்டால் ப்ரொப்பல்லர் ஹப்பிலும் குழாய்களிலும் தேங்கிய நீர் உறைந்து விரியும். கரையேற்றி, செங்குத்தாக நிறுத்தி, முழுக்க வடியவிடுங்கள். காலையில் ப்ரைமர் பல்ப் கெட்டியாகும் வரை அமுக்கி, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்து, மூன்று நிமிடமாவது 1,200 ஆர்பிஎம்முக்குள் ஓடவிட்ட பிறகு ஆள் ஏற்றுங்கள்.

கீழே இறக்கும்போது

மோட்டார் விற்கப்பட்டோ, பழுதுபார்க்கவோ மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போகும் நாளில் செய்ய வேண்டியதை இன்றே எழுதி வையுங்கள். சிறிய ஜெட்டோடு சமவெளியில் ஃபுல் த்ராட்டில் கொடுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும், அதற்குச் சில நிமிடங்கள் போதும். பிட்ச் குறைந்த ப்ரொப்பல்லரில் ஆர்பிஎம் வரம்பைத் தாண்டும். கழற்றிய ஜெட்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மோட்டார் மூடிக்குள் கட்டுங்கள். மூடியின் உள்பக்கம் அழியாத மையில் நான்கு விவரம்: போட்டிருக்கும் ஜெட் எண், பழைய ஜெட் எண், போட்டிருக்கும் பிட்ச், பழைய பிட்ச். கடலுக்குப் போவதென்றால் மக்னீசியம் ஆனோடைக் கழற்றித் துத்தநாகம் மாட்டுங்கள், உப்புநீரில் மக்னீசியம் சில வாரங்களில் கரைந்துவிடும்.